எதிர்மாடியில் இறக்கிய ட்ரோன்

எனக்கு உயரம்னாலே பயம் சார். வீட்ல பல்பு மாத்தணும்னாகூட ஸ்டூல் மேல ஏறுறது என் பொண்டாட்டிதான், நான் கீழ நின்னு ஸ்டூலைப் பிடிச்சுப்பேன். ட்ரோன் விடுறவன் லட்சணத்தைப் பாருன்னு கிண்டல் பண்ணுவா.

பத்து வருஷமா கல்யாணம், மனை விற்பனை, கூரை ரிப்பேர்னு படம் எடுத்துத் தர்றேன். லைசென்ஸ் இருக்கு. அடுத்தவங்க வீட்டு மேல அனுமதி இல்லாம பறக்கவிடக் கூடாது, சம்பந்தமில்லாதவங்க முகம் விழுந்தா மறைக்கணும். இந்த ரெண்டையும் நான் மீறினதே இல்ல. எங்க சங்கத்துல புதுசா வர்றவங்களுக்கு விதிமுறை சொல்லித் தர்றதே நான்தான்.

அந்த மனுஷன் கடைக்கு வந்தப்போ ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு. "பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுக் குழந்தையத் தூக்கிட்டுப் போயிட்டாண்ணே. உங்க கடைக்குப் பின்தெருவுலதான் எங்கயோ இருக்கா. குழந்தை முகத்தை ஒரு தடவை பார்த்தாப் போதும்." எனக்கும் ஒரு மக இருக்கா சார். மனசு இளகிடுச்சு.

தெரு பொதுவழி, அதனால தெரு மேலதான் பறக்கவிட்டேன். மூணாவது வீட்டு மொட்டைமாடியில ஒரு பொண்ணு துணி காயப்போட்டுட்டு இருந்தா. சத்தம் கேட்டதும் எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு, குழந்தைய இழுத்துக்கிட்டுத் தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒண்டிக்கிட்டா. இழுத்தது இடது கையால. வலது கை முழங்கைக்குக் கீழ கோணலா இருந்துச்சு. ஒடிஞ்சு, வைத்தியம் பார்க்காம தானா கூடின கை. ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பார்த்தேன்.

அப்பவே நிறுத்தியிருக்கலாம். "முகம் விழலையேண்ணே, உங்களால முடியாதோ"ன்னு அவர் கேட்டாரு. இந்தத் தொழில்ல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. வீம்பு வந்துடுச்சு.

மறுநாள் மத்தியானம் எதிர்ல காலியா கிடந்த வீட்டு மாடியில ட்ரோனை இறக்கி, விசிறிய நிறுத்திட்டேன். கேமரா மட்டும் ஓடுச்சு. விதி பறக்கிறதைப் பத்தித்தான் சொல்லுது, உட்கார்ந்திருக்கிறதைப் பத்தி இல்ல. அந்த வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட போன்ல அனுமதியும் வாங்கியிருந்தேன். சத்தம் இல்லாததால நாப்பது நிமிஷத்துல அவ குழந்தையோட வெளிய வந்தா.

வீடியோவக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துக்காரங்க முகத்தையெல்லாம் மறைச்சேன். வண்டி நம்பர் பிளேட்டையும் விடல. அவ முகத்தையும் குழந்தை முகத்தையும் வாசல் கதவு எண்ணையும் அப்படியே விட்டேன். வாடிக்கையாளர் கேட்டது அதுதானே.

ரெண்டு நாள் கழிச்சு அவர் அந்த வீட்டுக்குப் போயிருக்காரு. அந்தப் பொண்ணு உயிரோட இல்லைன்னு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நீங்க சொல்லித்தான் தெரியும். குழந்தை யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டேங்குதுன்னும் சொன்னீங்க.

கைய ஒடிச்சது நான் இல்ல, கத்திய எடுத்தது நான் இல்லைன்னு சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். மனசு கேக்க மாட்டேங்குது. ஏன்னா நான் கொடுத்த வீடியோவுல ஒரு துண்டு இல்ல. அவ கேமராவப் பார்த்துட்டா. ஓடல. குழந்தைய முதுகுக்குப் பின்னால தள்ளிட்டு, அந்தக் கோணக் கையையும் சேர்த்து வெச்சுக் கும்பிட்டா. பதினோரு நொடி. அதை மட்டும் வெட்டிட்டுத்தான் கொடுத்தேன். எதுக்குக் கும்பிடுறான்னு எனக்குப் புரிஞ்சுது சார். புரிஞ்சதாலதான் வெட்டினேன்.