டீம் சைஸ் 214

ரெஸ்யூமேயில் இடைவெளி இருக்கக் கூடாது. மூன்று வாரம் சும்மா இருந்தான் என்று தெரிந்தால்கூட கிளையன்ட் கேள்வி கேட்பான். இங்கே பார்சிப்பனியில் மூன்று வருடமாக ரெஸ்யூமே எழுதும் வேலையைச் செய்கிறவன் என்பதால் சொல்கிறேன். காபிக்கு நன்றி மேடம். மொழிபெயர்க்க விசாலாக்ஷி அம்மாவை வைத்ததற்கும் நன்றி. இவரை பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் புளியோதரை வரிசையில் பார்த்திருக்கிறேன். என் பெயர் திருமூர்த்தி, ஊர் பொள்ளாச்சி. மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

எங்கள் கம்பெனி இந்தியாவிலிருந்து ப்ரோக்ராமர்களைக் கூட்டிவந்து மற்ற கம்பெனிகளுக்கு அனுப்புகிறது. ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவன் என் மேஜையைத் தாண்டும்போது மூன்று வருட அனுபவசாலி ஆகிவிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு போதுமான அளவு இருந்தால் முடியும். முதலாளி ரோல்ஃப் வைட்னர் என்னை மதித்தது அதற்காகத்தான். என் க்ரீன் கார்டு மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.

போன மார்ச்சில் அவருடைய அப்பாவுக்கு, பழைய போர்க்குற்றங்களை விசாரிக்கும் உங்கள் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு உலகப் போரிலும் ஜெர்மன் ராணுவத்தில் என்ன செய்தீர்கள், தேதிவாரியாக எழுதித் தரவும் என்று. பெரியவர் ஹெர்மன் வைட்னருக்கு வயது தொண்ணூற்றைந்து. "மூர்த்தி, ரெஸ்யூமே எழுதுறதுல உன்னை விட்டா ஆள் இல்ல. நீயே உட்கார்ந்து எழுதிக் குடு" என்றார் முதலாளி. ஐந்து சனிக்கிழமை போனேன்.

என்ன மாதிரி கேரியர் மேடம் அது. 1916-ல் பதினெட்டு வயதில் சேர்ந்து, அடுத்த வருடமே லெப்டினன்ட். பதுங்குகுழி வாசம், ஒரு பதக்கம், ஒரு காது செவிடு. ராஜா போனார், குடியரசு வந்தது, அப்புறம் மீசைக்காரர் வந்தார். இவர் மட்டும் படி ஏறிக்கொண்டே இருந்தார். கேப்டன், மேஜர், கடைசியில் கர்னல். இருபத்தொன்பது வருடம் ஒரே கம்பெனி. எங்கள் பையன்களில் ஒருத்தன்கூட அப்படி நிலைத்ததில்லை.

நாலாவது சனிக்கிழமை 1941 செப்டம்பருக்கு வந்தோம். மூன்று வாரம் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் முகாம். பெரியவர் பென்சிலை எடுத்துப் படம் போட்டார்: பள்ளிக்கூடம், கிணறு, அதற்குப் பின்னால் நீளமாக ஒரு பள்ளம். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம், 214 பேர், உத்தரவு என்னுடையது என்றார்.

"இதையும் எழுதிடு. சாகறதுக்கு முன்னால சொல்லிடணும். அவங்க எங்க கிடக்கிறாங்கன்னு கேட்க யாராவது மிச்சம் இருப்பாங்க."

நுணலும் தன் வாயால் கெடும். கெடட்டும், அது அவர் பாடு. ஆனால் அப்பா மாட்டினால் மகன் அவமானத்தில் கம்பெனியை மூடுவார். மூடினால் என் மனு குப்பைக்குப் போகும். இதில் என் தப்பு என்ன இருக்கிறது.

வீட்டில் என் மனைவி வசந்தாமணியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, பாவம் பண்ணுனவரே சொல்றேங்கறாரு. நடுவுல நீங்க யாருங்க தடுக்கறதுக்கு?"

"க்ரீன் கார்டுக்கு லேபர் சர்டிஃபிகேஷன் அப்ரூவ் ஆகட்டும். அப்புறம் நியாயம் பேசலாம்."

அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போடுவதில்லை. நானே போட்டுக்கொள்கிறேன்.

படத்தை ஆபீஸ் ஷ்ரெட்டரில் விட்டேன். அந்த மூன்று வாரத்துக்கு 'சாலைச் சீரமைப்பு, மேற்பார்வை' என்று டைப் அடித்தேன். பெரியவருக்குப் பூதக்கண்ணாடி வைத்தாலும் எழுத்து தெரியாது. நீங்கள் சொன்னது எல்லாமே இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்டோபரில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரே ஒரு பிசகு. எங்கள் ஃபார்மட்டில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்குக் கீழேயும் 'டீம் சைஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். கட்டத்தைக் காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. மனதில் கிடந்த எண் விரலில் வந்துவிட்டது.

அந்தத் தாளை நீங்கள் சாட்சி ரீவா அம்மாவிடம் காட்டினீர்கள். ஒன்பது வயதில் வைக்கோலுக்குள் ஒளிந்து தப்பியவர். ஊரே இடிந்து காடு மண்டிவிட்டது. தாயும் இரண்டு தங்கைகளும் எந்த மண்ணில் கிடக்கிறார்கள் என்று இன்றும் தேடுகிறவர். அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, என்னைத் தவிர எங்கள் ஊரில் இத்தனை பேர்தான் என்றாராம். பாவம். கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தால் அவருக்கு இந்த வேதனையே வந்திருக்காது.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் நான் ஓர் எறும்பைக்கூட மிதிக்காதவன் மேடம். வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடுவதில்லை.

இப்போது வெள்ளைத்தாளும் பென்சிலும் நகர்த்தி வைக்கிறீர்கள். கிணற்றிலிருந்து பள்ளம் எத்தனை அடி, எந்தத் திசை, எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். தாராளமாக வரைந்து தருகிறேன். என் க்ரீன் கார்டுக்கு இதனால் ஒரு பாதகமும் வராது என்று முதலில் நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

விசாலாக்ஷி அம்மா, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? இதையும் சொல்லுங்கள். ஐம்பத்திரண்டு வருடம் காத்திருந்தவர்தானே அந்த அம்மா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கமாட்டாரா?