சாக்கு மீன்

"ஹலோ... ஹலோ, கிஷோரா? விஜி பேசறேன். ஃபோட்டோ பாத்தேன்... ஆமா, ஆமா, காலைல நீ அனுப்பின ஃபோட்டோதான். ஒண்ணாம் தொட்டி ஏன் காலியா இருக்கு?... காலியாதான்டா இருக்கு, அடித்தரை தெரியுது. பதினோரு மீனும் எங்க?"

பொம்மனஹள்ளி ஆபீஸின் மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள் விஜி. உள்ளே பேசினால் அத்தனை பேர் காதும் நீளும். காவிரியில் அருகிப்போன ஆரஞ்சுத் துடுப்புக் கெண்டையை மறுபடி பெருக்கும் திட்டம் அவள் பொறுப்பு. மூன்று வருஷம் ஆற்றில் அலைந்து அகப்பட்டவை மொத்தமே பதினொன்று. முந்தாநாள்தான் அவை கிஷோர் பார்த்துக்கொள்ளும் அத்திபெலே தொட்டிக் கொட்டகைக்கு வந்திருந்தன. இன்று அடையாளச் சிப் குத்தி, இந்த மழைக்கே ஜோடி சேர்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

"முழுங்காத, நேரா சொல்லு. ஓஸ்வால்ட் அங்க வந்தாரா?... நேத்தா?... டிரம்ம எடுக்க வந்தாரா. சரி. டிரம்முல என்ன போச்சு?... வெறும் டிரம்மா? நீ மூடியத் தொறந்து பாத்தியா?... பாக்கல. சரி, சரி."

ஓஸ்வால்ட் மீன் பண்ணைக்காரர். தொட்டித் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, ஆறு வளர்ப்பு மீன்களை ஒரு டிரம்மில் போட்டு இரவல் கொடுத்திருந்தார். கலப்பு மீன்கள்தான், ஆனால் பார்வைக்கு அசல் ஆற்று மீன் மாதிரியே இருக்கும். திரும்பிப் போன டிரம்மில் அசலை ஏற்றிவிட்டாரோ என்று விஜிக்குச் சந்தேகம் வர இது போதாதா? பால்காரர் சிரித்தாலே இன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்பவள் அவள்.

"ஏன் தடுமாறற?... பயமா? தப்பு பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்?... என்னது? எல்லாம் நாலாவது தொட்டியிலயா? எல்லாம்னா?... பதினேழுமா? டேய், ஆத்து மீனையும் வளர்ப்பு மீனையும் யாருடா ஒண்ணா விடச் சொன்னது?"

விஜி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானா?... என்னடா கத விடற? நான் எப்போ சொன்னேன்? இப்படிப் பேசுன்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா, ஓஸ்வால்டா?... ரெக்கார்டிங்கா? நான் பேசறத எல்லாம் ரெக்கார்டு பண்றியா நீ? எதுக்கு?... ஓ. நான் வேகமா பேசறேன், திரும்பப் போட்டுக் கேக்கவா. சரி, போடு. போடு, கேக்கறேன்."

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அவள் குரலே அவசரமும் அதட்டலுமாக அவள் காதில் விழுந்தது. "சாக்கு மீன நாலாவது தொட்டில விட்டுடு. வெக்கறேன்."

"பாத்தியா! சாக்கு மீன்னுதான சொல்லியிருக்கேன். சாக்கு மீன்னா வளர்ப்பு மீன்டா. வீட்டுல வளக்கற நாய சாக்கு நாயின்னு சொல்றதில்ல?... ஆமா, கன்னடம்தான். நீ என்னன்னு நெனச்ச?... போதும்னா?... 'போதும், மீன தொட்டில விடு'ன்னா?"

திண்டிவனத்திலிருந்து வந்து எட்டு மாதமே ஆனவன் கிஷோர். அவனுக்குத் தெரிந்த கன்னடம் ஓட்டலில் கற்றது. சாம்பார் போதும் என்றால் சாக்கு. வளர்ப்புக்கும் அதே சொல்தான் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? இந்த ஊரிலேயே, மர்பி டவுனில் பிறந்த விஜியின் வாயிலோ தமிழும் கன்னடமும் ஒரே தட்டில் பிசைந்த சோறு. அவன் ஏதாவது கேட்க ஆரம்பித்தாலே சாக்கு சாக்கு என்று அடக்குகிறவளும் அவள்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரு வார்த்த திரும்பக் கேட்டிருக்கலாமேடா... ஆமா... ஆமா, கேக்கறதுக்குள்ள வெச்சுட்டேன்... இப்போ எது எதுன்னு உனக்குத் தெரியுமா?... எனக்கும் தெரியாதுடா. துடுப்புல துண்டு வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பணும். ரிசல்ட்டு வர ரெண்டு மாசம். அதுக்குள்ள முட்ட விடற காலமே போயிடும்... அழாத, இரு. யாரு அங்க பின்னால சத்தம் போடறது?... ஜெயராமன் சாரா? நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்துட்டாரா?"

காலையில் படத்தைப் பார்த்த கையோடு, விஜி மேலதிகாரி ஜெயராமனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். கிஷோரும் ஓஸ்வால்டும் சேர்ந்து மீனைத் திருடிவிட்டார்கள், நேரில் போய்ப் பிடியுங்கள் என்று.

"கிஷோரு, நீ ஒண்ணும் பேசாத. போன அவர்கிட்ட குடு... குடுடா... சார், விஜி சார்... இல்ல, போலீஸ் வேணாம். சார், சார், ஒரு நிமிஷம்! யாரும் திருடல. பதினொண்ணும் அங்கதான் இருக்கு, கலந்து கெடக்கு... அவன் இல்ல சார், நான். நான் சொன்னததான் அவன் செஞ்சான்... ஆமா... ஆமா சார், இந்த வருஷம் ஜோடி சேக்க முடியாது... அடுத்த மழ வரைக்கும் எத்தன தாங்கும்னு தெரியல சார்... மீட்டிங்குல நானே சொல்லிடறேன். என்ன பண்ணணுமோ எனக்குப் பண்ணுங்க, அவன வேலைய விட்டு அனுப்பிடாதீங்க... சார், இன்னொண்ணு. அந்த வாய்ஸ் மெசேஜ அவனுக்குப் போட்டுக் காட்டிடாதீங்க... சார்?... வண்டிய விட்டு எறங்கினதுமே போட்டுட்டீங்களா?... அவனும் முழுசாக் கேட்டானா?..."

அப்படியானால் கிஷோர் இவ்வளவு நேரம் அழுதது மீனுக்காக இல்லை.

"போன அவன்கிட்ட குடுங்க சார்... கிஷோரு, அது வந்து... நான் அப்போ... கிஷோரு? பேசுடா... திட்டவாவது செய்யேன்டா..."

கிஷோர் போனை வைத்துவிட்டான்.