மனுவை மடித்து வை, கேள்வியைக் கொண்டு வா

அவைக்குத் தலைமை ஏற்று, இருந்த ஒரே மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டுத் தாம் வியர்த்து வழியும் விஜயராஜ் அண்ணாச்சி அவர்களே! இடைசெவலிலிருந்தும் எப்போதும்வென்றானிலிருந்தும் பேருந்தேறி வந்து, நாற்காலி கிடைக்காமல் பந்தலோரம் நிற்கும் பெரியோர்களே! தீப்பெட்டி ஆபீசில் வேலை முடித்து, விரல் நுனியில் மருந்து மணம் மாறாமல் வந்திருக்கும் தாய்மார்களே! மேற்படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது, எதைத் தேர்ந்தெடுப்பது என்று திகைத்து நிற்கும் தம்பி தங்கையரே! முன்வரிசையில் அமர்ந்து, ‘இவ என்னத்தப் பேசப் போறாளோ’ என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் தாய் மாடத்தி அம்மாவே! கரிசலில் பிறந்து, அந்தக் கரிசலையே ஆராய்ச்சி செய்து பிழைக்கும் சந்தனமாரியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

மேடையேறும் முன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சுகுணா என்ற தங்கை வந்தாள். வெளியூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர விண்ணப்பிக்கிறாள். ‘நீ ஏன் இங்கே படிக்க விரும்புகிறாய்?’ என்று அவர்கள் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். “அக்கா, நாளைக்குக் கடேசி நாளு. ஒரு தடவ பாத்துக் குடுங்க” என்றாள். முதல் வரியைப் படித்தேன். ‘வறுமையில் வாடும் குடும்பத்தில் பிறந்த நான், தங்கள் மேலான சமூகத்தைப் பணிந்து வேண்டுவது யாதெனில்...’

என் தேநீர் ஆறிப்போயிற்று. ஏன் தெரியுமா? அது என் வரி! நான் எழுதிய வரி! இதே கோவில்பட்டியில், இதே வெயிலில், நான் அடித்து அனுப்பிய அதே வரி!

அப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. நடத்தியவர் பிரின்ஸ்டன் அண்ணன். சிரிக்காதீர்கள், பெயரிலேயே பல்கலைக்கழகம் வைத்திருந்தவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். திங்கள்தோறும் கலெக்டரிடம் கொடுக்கும் மனுக்களை அவர்தான் அடித்துக் கொடுப்பார். பட்டா வேண்டுமா? பிரின்ஸ்டன். பயிர்க் காப்பீடு வரவில்லையா? பிரின்ஸ்டன். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையா? பிரின்ஸ்டன்! கல்லும் கசிந்துருகக் கண்ணீர் வடிக்கும் மனுக்கள்! என் கட்டுரையையும் அவரிடம்தான் கொண்டுபோனேன்.

“தங்கச்சி, இரக்கம் வரணும்லா? அப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்லன்னு ஒரு வரி போடுதேன்” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் அந்த நோயாளி, என் தந்தை சங்கிலிப்பாண்டி, வாசலில் நின்று பருத்தி மூட்டையை ஒற்றை ஆளாய்ச் சைக்கிளில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்! கட்டுரை இரண்டு இடங்களுக்குப் போனது. ஒன்று, பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருந்த கல்லூரி. மற்றொன்று, ரயிலில் போய்ச் சேரவே நாள்கணக்கில் ஆகும் வடக்கத்தி நிறுவனம்.

பக்கத்துக் கல்லூரி உடனே பதில் போட்டது: ‘தங்கள் குடும்பச் சூழலைக் கருத்தில் கொண்டு இடம் வழங்குகிறோம்.’ வடக்கோ, நேரில் வா என்றது. தந்தையும் நானும் மணியாச்சியில் ரயிலேறினோம். ஆகா, அந்தப் பயணம்! அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றின் மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. அந்த நாள் திரும்பாதா என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன்.

நேர்காணலில் ஒரு பேராசிரியை. கட்டுரையைப் புரட்டியவர், பரிவோடு கேட்டார்: “உன் தந்தைக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?” நான் என்ன சொல்வேன்? ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் நின்று கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருக்கிறார் மனிதர்! “அவருக்கு ஒன்றுமில்லை அம்மா, அதோ நிற்கிறார்” என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். சிரித்தார். கட்டுரையை மூடி வைத்தார். “சரி, உன் கஷ்டம் போகட்டும். உனக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று கேட்டார்.

உனக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்! அதுவரை யார் என்னிடம் கேட்டார்கள்? என்ன வேண்டும் என்று கேட்டவர் உண்டு. என்ன குறை என்று கேட்டவர் உண்டு. என்ன தெரிய வேண்டும் என்று ஒருவர் கேட்டதில்லை ஐயா! அப்போது எங்கள் புஞ்சை நினைவுக்கு வந்தது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல். அதில் குனிந்து அம்மாவோடு நான் கல் பொறுக்கிய நாட்கள். அம்மா திட்டிக்கொண்டே பொறுக்குவாள்: “போன வருசந்தான பொறக்குனேன்? இந்த எழவெடுத்த கல்லு எங்கனருந்துட்டி மேல வருது?”

அதையே சொன்னேன். “எங்கள் கரிசலில் வெடிப்புக்குள் விழுந்தது உள்ளே போய்விடுகிறது. யாரும் போடாத கல் மேலே வருகிறது. ஏன்?” பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இதை ஏன் கட்டுரையில் எழுதவில்லை?” என்றார். ஊர் திரும்பும் முன்பே இடம் உறுதியாயிற்று.

இப்போது கையில் இரண்டு இடம். எதைத் தேர்ந்தெடுப்பது? அம்மா அழுதாள். “பக்கத்துல கெடந்தா வாரத்துக்கு ஒருக்க ஒன் மொகத்தப் பாப்பேன்லா” என்றாள். எனக்கும் அழுகை வந்தது. போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள்: “ஏட்டி, கல்லு ஏன் மேல வருதுன்னு எந்த ஊர்ல சொல்லிக் குடுப்பாவ?”

“வடக்கதாம்மா.”

“அப்ப அங்கனயே போ. எனக்கும் தெரியணும்லா? பொறக்கிப் பொறக்கி என் இடுப்பு போச்சு.”

என் வாழ்க்கையைத் தீர்மானித்த வாக்கியம் அது. போனேன், படித்தேன், விடை கண்டேன். மழையில் நம் மண் வீங்குகிறது, வெயிலில் சுருங்குகிறது, அந்த இழுபறியில் அடியிலுள்ள கல்லை நெட்டி மேலே தள்ளுகிறது. ஓடோடி வந்து அம்மாவிடம் சொன்னேன். “அப்ப கல்லு பொறக்குறத நிப்பாட்ட முடியாதா?” என்றாள். முடியாதம்மா என்றேன். “இதச் சொல்லவா அம்புட்டுத் தூரம் போன?” என்றாள்! என்னம்மா, சொன்னாயா இல்லையா? பாருங்கள், தலையாட்டுகிறாள்.

தோழர்களே! மனு கொடுப்பது இழிவென்று நான் சொல்லவில்லை. அது நம் உரிமை. ஆனால் தண்ணீருக்கு மனு, தடத்துக்கு மனு, தானியத்துக்கு மனு என்று எழுதி எழுதி, நம் பேனாவுக்குக் கும்பிட மட்டுமே தெரிகிறது! இரங்கிக் கொடுத்த இடத்தில் நான் நன்றியோடு இருந்திருப்பேன். கேள்வி கேட்டு வாங்கிய இடத்தில் நிமிர்ந்து இருந்தேன்.

சுகுணா! எங்கே இருக்கிறாய்? எழுந்திரு அம்மா. ஒலிபெருக்கியை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். உன் கஷ்டம் எங்களுக்குத் தெரியும், அது எங்கள் கஷ்டமும்தான். உனக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

யோசி. பயப்படாதே. நானும் இப்படித்தான் நின்றேன்.

“அக்கா... எங்க கெணத்துத் தண்ணி உப்பு. வரப்புக்கு அந்தாலதான் எங்க பெரியப்பா கெணறு. அது மட்டும் நல்ல தண்ணி. ஒரே மழைதான பெய்யுது? அது எப்படின்னு எனக்குத் தெரியணும்.”

கைதட்டுங்கள்! இன்னும் பலமாகத் தட்டுங்கள்! பெரியோர்களே, இப்போதுதான் ஒரு விண்ணப்பம் பிறந்தது! தங்கையே, பழைய தாளை மடித்து வை. நாளை இந்த வரியில் தொடங்கு. உன் கேள்வியைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைக்கும் இடம் எதுவோ, அங்கே போய்ச் சேர்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், போகச் சொன்ன என் தாய்க்கும் நன்றி. மின்விசிறியை இனி அண்ணாச்சி பக்கம் திருப்புங்கள். வணக்கம்!