கீற்றுக்கு அடியில் பழுத்த பட்டர் ஃப்ரூட்

நம்மை நின்றுகொண்டே தின்ன வைத்தவர்கள் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதைச் சொல்லியாயிற்று. இனி வணக்கம். விழாத் தலைவர், உப்பள முதலாளி, மதிப்பிற்குரிய சடையப்பன் ஐயா அவர்களே! ஊர்ப் பெரியவர்களே! உப்பிலும் வெயிலிலும் உழைத்து உள்ளங்கை வெடித்த தாய்மார்களே! பின்வரிசையில் பிரியாணி அண்டாவையே பார்த்துக்கொண்டிருக்கிற சேட்டு அண்ணன் அவர்களே! உப்பள வேலைக்காரி ரேகாவின் வணக்கம்.

ஊட்டச்சத்து விழா, பட்டர் ஃப்ரூட்டை ருசித்துத் தின்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன்.

மே தினத்தன்று ஐயா ஆளுக்கொரு பட்டர் ஃப்ரூட் கொடுத்தார். பச்சைப் பசேலென்று, கல்லு மாதிரி. கையில் வாங்கிய அருக்காணி அக்கா கேட்டார்: "ஏன்டி, இது திங்கறதுக்கா, நாயைத் தொரத்தறதுக்கா?"

சிரிக்காதீங்க அக்கா, நீங்க சொன்னதுதானே!

மீனை உப்பில் போட்டால் கருவாடு. மாங்காயை உப்பில் போட்டால் ஊறுகாய். உப்பில் போட்டு உருப்படாதது உண்டா என்று நம்புகிற ஊர் இது. அக்கா பழத்தை உப்புக் குவியலுக்குள் புதைத்தார். நாலாம் நாள் தோண்டிக் கடித்தார். "த்தூ! கடலையே கடிச்ச மாதிரி இருக்குதுடி!"

நம் விஜயலட்சுமி புதைக்கவில்லை. குவியலை மூடிய கீற்றுக்கு அடியில், அந்த வெதுவெதுப்பில், துணி சுற்றி வைத்தாள். நாலாம் நாள் அழுத்தினால் அமுங்கியது. பிளந்தால் வெண்ணெய்! சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை, பாத்தியில் கிள்ளிய நம் உப்பு. பிசைந்து கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொண்டால், அடடா! மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் பழமெல்லாம் கல்லாகவே கிடக்க, அவளுடைய ஒரே பழம், பதினொரு பேர். தோலைக்கூட வழித்தோம்.

"இவ்ளோ நாளா எங்கடி இருந்துச்சு இது?" என்றார் அருக்காணி அக்கா.

எங்கே இருந்தது? கடற்கரைச் சாலை ஓட்டல்களில், நாம் வாரிய உப்பைத் தூவிக்கொண்டு சொகுசாக இருந்தது!

கை தட்டுங்கள். தட்டிவிட்டு இதையும் கேளுங்கள். பழுக்க வைத்த விஜயலட்சுமி அதை ருசித்தாளா? இல்லை. கை முழுக்க உப்பு, வெடிப்பெல்லாம் எரிச்சல். கழுவத் தண்ணீர் எங்கே? ரோட்டுக் குழாயில். அவள் போய்த் திரும்புவதற்குள் அவள் பங்கு வெயிலில் கறுத்துப்போய்விட்டது. அந்தக் கறுப்பைத் தின்றாள், நின்றுகொண்டே.

ஆகவே, பட்டர் ஃப்ரூட்டை ருசித்துத் தின்ன வெங்காயம் வேண்டும், எலுமிச்சை வேண்டும். அதற்கு முன் உட்கார ஒரு நிழல் வேண்டும்! கை கழுவ ஒரு குடம் தண்ணீர் வேண்டும்! உப்புக்கு மேலே கீற்று. பழத்துக்கு மேலே கீற்று. எங்களுக்கு மேலே? வெயில்! வெறும் வெயில்!

கேட்ட காதுகளுக்கு நன்றி. தட்டிய கைகளுக்கு வணக்கம். மைக்கைத் தலைவர் பக்கம் நீட்டுகிறேன்.

சடையப்பன் ஐயா, கொட்டகை என்றைக்குப் போடுவீர்கள்? நாளைச் சொல்லுங்கள்.

ஐயா, மைக் வேலை செய்கிறது. சொல்லுங்கள்.