மதிப்பெண்ணைத் திருத்திய செவிக்கு

செவிச்செல்வரே! அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் எரிவாயு உதவி எண் மையத்தின் குரல் பயிற்சியாளரே! ஆயிரம் குரல்களை ஆற்றுப்படுத்தி இன்று பணி நிறைவு பெறும் உலகநாதன் அவர்களே! வணக்கம்.

நீங்கள் ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஒரு சுவருக்கு அப்பால் நெல்லைப் பேச்சு, மறு சுவருக்கு அப்பால் கோவைப் பேச்சு, மாடியில் ஆற்காட்டுப் பேச்சு. அந்தச் செவியோடு எங்களிடம் வந்தீர்கள். பல்லிடுக்கில் பென்சிலைக் கடிக்கவைத்து எங்களை வாசிக்கவைத்தீர்கள். வாயெல்லாம் எச்சில்! சிரித்தோம், திருந்தினோம்.

சனிக்கிழமைதோறும் ஒரு விளையாட்டு நடத்தினீர்கள். முகம் தெரியாத ஒரு குரலை ஒலிக்கவிட்டு, ஆள் எப்படி என்று கேட்பீர்கள். "படிக்காதவன்" என்போம். "ரவுடி" என்போம். பிறகு குரலுக்கு உரியவரையே கூட்டி வருவீர்கள். நாங்கள் ரவுடி என்றவர் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் யூசுப். "இன்னா மாமே, பயந்துட்டீங்களா?" என்று அவர் கேட்டதும் அறையே அதிர்ந்தது! இரண்டு ஒலி காதில் விழுந்தால் போதும், ஒரு மனிதரின் படிப்பு, வீடு, யோக்கியம் எல்லாவற்றையும் நாமே எழுதிவிடுகிறோம் என்றீர்கள்.

அப்படிச் சொன்ன நீங்களும் ஒருமுறை எழுதினீர்கள். அதைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது.

சேக்காட்டிலிருந்து வந்தவர் ரோஷினி. வேலை நிரந்தரமாக வேண்டுமானால், அழைப்பவருக்குச் சொல்ல வேண்டியதை எழுதிவைத்த உரைத்தாளைத் தங்குதடையின்றி வாசிக்க வேண்டும். அவர் வரிக்கு வரி நின்றார். "வாசிப்பு வராது" என்று மதிப்பெண்ணைக் குறைத்தீர்கள். மேலாளர் கஜபதி, மாலையோடு வேலை முடிந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

அன்று மதியமே நூம்பலிலிருந்து பொன்னியம்மா அழைத்தார். வீடெங்கும் எரிவாயு நாற்றம். அழைப்பை எடுத்தவர் கோகுல்நாத். பிசிறில்லாத குரலில் உரைத்தாளை வாசித்தார்: "உருளையின் அழுத்தச் சீராக்கியை அணைப்பு நிலைக்குத் திருப்பவும்."

"இன்னா சொல்றே நைனா? ஒண்ணும் பிரியல!"

கோகுல்நாத் அதையே மீண்டும் வாசித்தார். இன்னும் தெளிவாக!

பக்கத்து இருக்கையிலிருந்து ரோஷினி பாய்ந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "யக்கா! சிலிண்டர் தலையில கறுப்பா ஒரு திருகு கீதுல்ல, அத்தத் திருப்பு! சுச்சு எதையும் தொடாத. கதவு ஜன்னல தொறந்து உட்டுட்டு, பசங்கள இட்டுகினு வெளிய ஓடு!"

பிறகு தெருவிலிருந்து குரல் வந்தது. "வந்துட்டோம்மே. நீ எந்த ஏரியா?"

"சேக்காடுக்கா."

"அதான பாத்தேன்! முன்ன பேசினது மிஷினுதானே?"

கோகுல்நாத்துக்கு அன்று விழுந்த பெயர் இன்றுவரை மாறவில்லை.

மேற்பார்வையாளர் இணைப்பில் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் நேரே கஜபதியின் அறைக்குப் போனீர்கள். கதவு திறந்தே இருந்தது, அனைவரும் கேட்டோம்.

"நான் தப்பா கேட்டுட்டேன் சார். அந்தப் பொண்ணுக்கு வாசிக்கத் தெரியும்."

"மார்க்கு போட்டது நீங்கதானே?"

"நான்தான். இப்ப மாத்துறேன்."

"அவங்க நின்னு நின்னு படிச்சது பொய்யா?"

"நிஜம். கண்ணு 'வீட்டில்'ங்குது, வாய் 'ஊட்ல'ங்குது. ரெண்டும் முட்டிக்குற எடத்துல நிக்கிறாங்க. அத நான் அறிவு இல்லாததுன்னு எழுதிட்டேன். ஒரு வாரம் குடுங்க. அப்பவும் நின்னாங்கன்னா, அவங்களோட நானும் போறேன்."

அறிஞரே! அந்த வாரம் நீங்கள் ரோஷினியைத் திருத்தவில்லை, தாளைத் திருத்தினீர்கள். ஒவ்வொரு செய்தியையும் முதலில் அவர் வாயால் சொல்லச் சொன்னீர்கள். சொன்னதை எழுதினீர்கள். எழுதியதை அவர் வாசித்தார். தன் குரலையே தாளில் கண்டவருக்கு நிற்க இடமில்லை. அந்த வழியிலேயே பழைய தாளின் கடினச் சொற்களுக்கும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தார். வார இறுதியில் இரண்டு தாள்களையும் கஜபதி முன் வாசித்தார். தடையே இல்லை! கஜபதி கேட்ட ஒரே கேள்வி: "இந்தப் புதுத் தாள எல்லாருக்கும் குடுக்கலாமா?" ரோஷினியின் வேலை நிலைத்தது. இப்போது மேடையில் உங்கள் அருகே அமர்ந்து முதலில் கை தட்டுபவர் அதே கஜபதிதான்!

பிழை செய்யாதவர் என்று உங்களைப் புகழ மாட்டோம். ஒருவரின் பிழைப்பு போகும் முன்பே உங்கள் தீர்ப்பை எல்லோர் காதிலும் விழ மாற்றினீர்கள். அதற்காகவே இந்தப் பாராட்டு.

இம்மடலை இப்போது வாசிப்பவர் ரோஷினி. நிறைவாக, "நோயற்ற நெடுவாழ்வு நூறாண்டு பெறுக" என்று எழுதித் தந்தோம். அதை அடித்துவிட்டுத் தாமே எழுதிக்கொண்டார். கண்ணாடிச் சட்டமிட்டு உங்களுக்குத் தரும் மடலிலும் அது அப்படியே இருக்கட்டும்:

"ஒடம்ப பாத்துக்கங்க சார். நல்லா இருக்கணும் நீங்க. எதுனா ஒண்ணுன்னா போன் பண்ணுங்க. நான் எடுக்கறேன்."

என்றும் உங்கள் அன்பில்,
உதவி எண் மையப் பணியாளர்கள்,
அம்பத்தூர்.