அம்புக்குறித் தோட்டா

“நேருக்கு நேரா சுட்டேன், நானா. கள்ளன் திரும்பிக்கூடப் பாக்கல. கோப்பி மூட்டையத் தூக்கிக்கிட்டு மெதுவா நடந்து போறான்.”

கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகும் ரயிலில், எனக்கு எதிரே இருந்த காப்பித் தோட்டத்துக் காவல்காரர் சொன்னார். மடியிலிருந்து மிச்சமிருந்த தோட்டா ஒன்றை எடுத்துப் ‘நானா’ என்று அவர் அழைத்த, பக்கத்திலிருந்த முஸ்லிம் பித்தளை வியாபாரியிடம் நீட்டினார். அவர் அதை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். 

“இதுல அம்புக்குறி போட்டு ஈக்கி. பட்டாளத்துச் சாமான். நுனியில ஈயக் குண்டே இல்ல, பித்தளைய சும்மா மடிச்சி ஈக்கி. பயிற்சிக்குச் சுடுறது. சத்தம் மட்டும்தான் வரும். பட்டாளத்துப் பழைய பித்தளை வாங்குறவன் நான், எனக்குத் தெரியும்.”

“அப்ப எங் கண்ணுல கோளாறு இல்லியா?”

“இது அந்தக் கள்ளனுக்கு முன்னமே தெரிஞ்சி ஈக்கி. தோட்டா யாரு தந்த?”

“கணக்கப்பிள்ளை. எனக்குக் கண்ணு மங்கிருச்சு, வேற காவக்காரன் போடணும்னு தொரைகிட்டச் சொன்னவரும் அவருதான்.”

வியாபாரி தோட்டாவைச் சட்டென்று அவர் மடிக்குள் திணித்தார்.

“இப்ப எங்க போறீங்க?”

“கண்டி ஆஸ்பத்திரிக்கு, கண்ணக் காட்ட. கணக்கப்பிள்ளைதான் கூட்டிட்டுப் போறாரு. அந்தா, பெட்டிக் கோடியில ஒக்காந்து நம்மளையே பாத்துக்கிட்டு இருக்காரே, அவருதான்.”