இரண்டு நாற்காலியும் ஒரு பெயரும்

பதுளை மலைச்சாரல் பல்கலைக்கழக ஊடகப் பிரிவில் இருபத்தோராண்டு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

மலைநாட்டின் மணிக்குரலே! மற்றவர் மனம் திறக்க மௌனம் காத்த மாண்பே! கேள்வியில் கூர்மையும் கேட்பதில் குளிர்மையும் கொண்ட கேண்மையே! பண்டாரவளைப் பனியில் பிறந்து பதுளைக்குப் பெருமை சேர்த்த பண்பின் பெட்டகமே! எங்கள் வணக்கத்தையும் ஸலாத்தையும் ஒருசேர ஏற்றருள்க!

இதற்கு மேல் உங்களைப் பார்த்துப் புகழ்ந்தால், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நழுவிவிடுவீர்கள். ஆகையால் மீதியைச் சபையோரைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். பெயரை இன்னும் சொல்லவில்லையே என்று சபையோரும் முணுமுணுக்க வேண்டாம். மறக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சபையோரே! எங்கள் மேடம் பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். தீபாவளிச் சேலை எடுக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் கடைக்குள் கலகலவென்று பேசிச் சிரித்ததையும், அதிகாரி ஒருவர் உள்ளே நுழைந்த மறுகணம் அதே பெண்கள் வாயடைத்துப் போனதையும் பார்த்து வளர்ந்தவர். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இங்கே வந்ததும் ஒரு நேர்காணல் நிகழ்ச்சியைத் தொடங்கி, ‘இரண்டு நாற்காலி’ என்று பெயர் வைத்தார். ஒரு நாற்காலியில் நாடறிந்தவர் ஒருவர். மற்றதில் வெலிமடையில் லீக்ஸ் பயிரிடுபவரோ, பசறை பஸ் நடத்துநரோ, கொழுந்து பறிப்பவரோ. இருவருக்கும் ஒரே உயரத்தில் நாற்காலி, ஒரே மாதிரி மைக், ஒரே கேத்தலில் ஊற்றிய தேநீர். இந்த விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் இம்மியும் விட்டுக்கொடுத்ததில்லை.

மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் “ஆமாங்க, இல்லீங்க” என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை, நேரம்தான் வீண் என்றார்கள். உண்மையைச் சொன்னால், எங்களில் சிலரும் அப்படித்தான் நினைத்தோம். கடைசியில் நிர்வாகப் பொறுப்பாளர் தயாபரன், “இந்தக் கிழமை நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பம். சரிவராட்டி ரெண்டாவது நாற்காலிய எடுத்துருவம்” என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஒளிபரப்பு நாளன்று மேடம் பகல் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

முதல் நாற்காலியில் பேராசிரியர் நல்லையா, கடல் கடந்தும் பெயர் வாங்கிய பொருளியலாளர். இரண்டாவதில் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி அக்கா. கட்டுப்பாட்டு அறையில் தயாபரன் கைகட்டி நின்றார். ஒளிபரப்புத் தொடங்கியது. மேடம் பேராசிரியரை அறிமுகப்படுத்தினார், அவர் தலையசைத்தார். அடுத்து, “செல்லமுத்து விஜயலெட்சுமி” என்று முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

சொன்னதுதான் தாமதம், அக்கா விறுக்கென்று எழுந்து, “இருக்கேங்க!” என்று உரக்கக் குரல் கொடுத்தார்.

அவருடைய தோட்டத்தில் விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், குந்தியிருப்பவர்கள் பெயர் வாசித்ததும் எழுந்து நின்று அப்படித்தான் குரல் கொடுப்பார்கள். ஆனால் கமராவுக்கு அது தெரியுமா? தலை திரைக்கு வெளியே போய்விட்டது. ஊவா மாகாணம் முழுவதும் ஒரு சேலைக் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கமராவைப் பிடித்திருந்த ரமேஸ் தலையில் கை வைத்தார். “விளம்பரத்தப் போடு, விளம்பரத்தப் போடு!” என்று தயாபரன் துடித்தார். அக்காவின் முகம் சுண்டிப் போனது. கதை முடிந்தது என்றே நாங்கள் நினைத்தோம்.

மேடம் எழுந்து நின்றார்.

“ஐயோ, நீங்க உக்காருங்க மேடம். பேரு கூப்புட்டா நிக்கிறது எங்க வழக்கமுங்க” என்றார் அக்கா, பதறிப்போய்.

“உங்களுக்கு மட்டுந்தான் பேரு இருக்கா? எனக்கும் இருக்கு, கூப்பிடத்தான் ஆளில்ல” என்றார் மேடம். “பரவாயில்ல, நின்டுக்கிட்டே பேசுவம்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைக்கடையில் மேடம் கேட்டு வளர்ந்தாரே, அந்தச் சிரிப்பு. அதன் பிறகு அக்காவின் பேச்சு யார் நிறுத்தியும் நிற்கவில்லை. “வீட்டுல அம்மாங்கிறாங்க, மலையில ஏய்ங்கிறாங்க. நாள் பூரா என் முழுப் பேரச் சொல்றது அந்தப் பெரட்டுல மட்டுந்தாங்க. நானும் இந்த ஒலகத்துல இருக்கேன்னு அப்பதான் எனக்கே தெரியும். இன்னைக்கி மைக்குல கேட்டதும் காலு தானா எந்திரிச்சிருச்சுங்க.”

பேராசிரியர் நல்லையா மெல்ல எழுந்தார். தயாரித்து வந்த தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, “எங்கம்மாவும் பசறைப் பெரட்டுல இப்படித்தான் எந்திரிச்சு நிப்பாங்க. நான் இத எந்த மேடையிலயும் சொன்னதில்ல” என்றார். ரமேஸ் கமராவை உயர்த்தினார். மூன்று முகமும் ஒன்றாகத் திரைக்குள் வந்தன. கட்டுப்பாட்டு அறையில் விளம்பரப் பொத்தானை அமுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. நாங்கள் பிரமித்துப் போய் நின்றோம்; அந்தப் பிரமிப்பு இன்றும் விலகவில்லை.

முடிந்ததும் தயாபரன் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, “ரெண்டு நாற்காலியும் இருக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பெயர் சொன்னதும் விருந்தினர் எவராயினும் எழுந்து நின்று, “இருக்கேன்” என்று சொல்லிவிட்டுத்தான் அமர்வார். அமைச்சர்கள் எழுந்தார்கள், பாடகர்கள் எழுந்தார்கள், நீதியரசர் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். நாற்காலி என்று பெயர் வைத்துவிட்டு எல்லோரையும் எழுப்பி நிற்கவைத்த நிகழ்ச்சி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இத்தனை பேரை எழுப்பிய மேடம் தன் பெயரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. திரையிலும் போடவிட்டதில்லை. கேட்டால், “வாற ஆக்கள்ட பேரு போதும்” என்பார்.

மேடம், இனி உங்களிடமே பேசுகிறோம். நோயணுகா உடலும் நொடியாத உள்ளமும் பெற்று, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு பண்டாரவளையில் நீங்கள் நிறைவாய் வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம். அன்று, கூப்பிட ஆளில்லை என்றீர்கள். ஆள் வந்திருக்கிறார். முன்வரிசையில் இருக்கும் விஜயலெட்சுமி அக்காவிடம் மைக்கைக் கொடுக்கிறோம். பெரட்டில் கேட்பது போல் அவர் உரக்க வாசிக்கட்டும்:

“நஸீர் ஸவாஹிரா!”

பழக்கதோஷத்தில் எழுந்துவிடாதீர்கள், மேடம். நீங்கள் உட்காருங்கள். எழுந்து நிற்கிறவர்கள் இன்று நாங்கள்.

இங்ஙனம்,
நின்றபடி,
ஊடகப் பிரிவு ஊழியர்கள்
பதுளை